மரூசா அளந்த கடற்கரை

கடைசியாகக் கடலில் கால் நனைத்தபோது நீங்கள் யாரிடம் அனுமதி கேட்டீர்கள்?

யாரிடமும் கேட்டிருக்க மாட்டீர்கள். கிரேக்க நாட்டின் பாரோஸ் தீவில் பிறந்து, அறுபத்தெட்டு வருஷமாக அதே கடலில் முழுகி எழும் தையற்காரி மரூசாவும் கேட்டதில்லை. போன ஆகஸ்டில், அந்தக் கோடையில் அவளுடைய இருபத்திரண்டாவது முழுக்கன்றுதான் கேட்க வேண்டும் என்றார்கள்.

அந்த ஊர்ப் பெண்கள் கோடை முழுக்குகளை எண்ணுவார்கள். ஜூன் பிறந்துவிட்டால் தெருவில் நலம் விசாரிப்பதே "உனக்கு எத்தனை ஆச்சு?" என்றுதான். முப்பது தாண்டினால் குளிர்காலத்தில் மூட்டு வலிக்காதாம். அதிலும் ஒற்றைப்படையில் முடிக்க வேண்டுமாம். மரூசாவுக்கு எதையும் அளந்து பார்க்காமல் தூக்கம் வராது. பதினோரு வருஷம் நோட்டுப் போட்டு எழுதினாள். ஒரு வருஷம் வேண்டுமென்றே இருபத்தெட்டில் நிறுத்திப் பார்த்தாள். எண்ணுக்கும் முழங்காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கடற்கரைவரை நடப்பதற்கும், தொப்பியைப் போட்டுக்கொண்டு இடுப்பளவு நீரில் நின்று ஒரு மணி நேரம் வம்பளப்பதற்கும்தான் சம்பந்தம்.

"பாதிரியார் காதுல விழுந்தா உன்னைச் சும்மா விடமாட்டார்டி" என்றாள் அவள் தோழி கலியோப்பி.

"அவர் முழங்கால் கணக்கையும் எழுதித் தரச் சொல்லு. சேத்துக்கறேன்."

மீன் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கிய கலியோப்பி, இடுப்பெலும்பு முறிந்த பிறகு கைத்தடியோடுதான் நடக்கிறாள். அந்தக் கோடையில் பதினைந்தாவது முழுக்கோடு அவள் நின்றுவிட்டாள். கடற்கரையில் மதுக்கடை நடத்தும் ஆர்சேனிஸ் போட்டிருந்த சாய்வுப் படுக்கைகளின் முன்வரிசை தண்ணீரையே தொட்டுக்கொண்டிருந்தது. தடி ஊன்ற இடமில்லை. ஒரு படுக்கையின் கால் தடுக்கி, வெளிநாட்டுக்காரர் ஒருவரின் மடியிலேயே போய் விழுந்தாள்.

"இனி நான் படுக்கைக்கு மேல பறந்தா போவேன்?" என்று வீட்டில் மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கடற்கரையின் மறுமுனையில் இருப்பது வெறும் பாறை. அந்த இடுப்பு அதில் இறங்காது. ஆக, கலியோப்பிக்குக் கடல் மூடிவிட்டது.

தன் இருபத்திரண்டாவது முழுக்கன்று, மரூசா படுக்கைகளுக்கு நடுவே மணலில் துண்டை விரித்தாள். ஆர்சேனிஸே வந்தான்.

"அத்தை, இங்க உக்காரணும்னா ஏதாவது ஆர்டர் பண்ணணும்."

"ஏண்டா, உன் ஞானஸ்நானச் சட்டையைத் தைச்சவ நான். இந்த மெத்தைக்கெல்லாம் உறை தைச்சதும் நான். இந்த மணலை யாருடா தைச்சா?"

அவன் சிரித்துவிட்டான். "சட்டப்படிதான் போட்டிருக்கேன் அத்தை. தண்ணியிலிருந்து நாலு மீட்டர். மே மாசம் நானே அளந்தேன்."

"அப்படியா?" என்றாள் மரூசா. நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசை அவளுக்கு. கழுத்தில் எப்போதும் தொங்கும் டேப்பை எடுத்தாள். ஒன்றரை மீட்டர் டேப். முன்வரிசைப் படுக்கையின் காலிலிருந்து கடலைப் பார்த்து நீட்டினாள். அதன் நுனி அலையில் நனைந்தது.

"வடகாத்துக் காலம். அலை ஏறி வருது. இதை வெச்சு அளப்பாங்களா?" என்றான் ஆர்சேனிஸ்.

நியாயமான பதில். நியாயமான பதிலைச் சோதித்துப் பார்க்காமல் ஏற்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. அதற்கு மறுநாளிலிருந்து ஒன்பது நாள், காற்றெழும் முன் விடியற்காலையில் வந்தாள். அலை நகரும், மரம் நகராது. கரையோரச் சவுக்கு மரத்தில் சிவப்பு நூலைக் கட்டி, முன்வரிசைவரை இழுத்து முடிச்சுப் போட்டாள். தினமும் முடிச்சு இரண்டு விரல் அகலம் தள்ளிப்போயிற்று. காற்றே இல்லாத நேரத்திலும் தண்ணீருக்கும் முன்வரிசைக்கும் நடுவே மிஞ்சியது ஒன்றரை மீட்டர்தான்.

படுக்கைக்குக் கால் முளைத்துவிட்டதா? ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தாள். விருந்தாளிகள் கடலுக்குப் பக்கமாகப் படுக்கையைச் சற்று இழுத்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் வேலையாட்கள் வரிசையை நேராக்குகிறார்கள். எதை வைத்து? எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கும் படுக்கையை வைத்து!

மரூசாவுக்குச் சிரிப்பு வந்தது. தையல் பழகும் பெண்கள் எல்லோரும் செய்யும் தப்பு இது.

முப்பத்தோராவது முழுக்கன்று ஆர்சேனிஸைக் கூப்பிட்டாள். தோழிகள் தொப்பிகளோடு தண்ணீரில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"அளவுத் துணியை வெச்சு வெட்டாம, முன்னாடி வெட்டின பாவாடையை வெச்சு அடுத்ததை வெட்டினா என்னடா ஆகும்? ஒவ்வொண்ணும் நூலளவு பெருசாகும். நாப்பதாவது பாவாடை யானைக்குத்தான் பொருந்தும். உன் வரிசையும் அப்படித்தான் வந்திருக்கு."

"நான் தள்ளலையே அத்தை."

"நீ தள்ளலை. ஒரு நாளாவது அது பின்னாடி நகர்ந்துச்சா? அது ஏன்னு நீ கேட்டியா?"

பொது இடம் இப்படித்தான் பறிபோகிறது. யாரும் கொள்ளையடிப்பதில்லை. தினமும் இரண்டு விரல். லாபம் வருகிறவன் டேப்பை எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

"முன்வரிசை போனா வியாபாரமே படுத்துடும்" என்றான் ஆர்சேனிஸ்.

"படுக்கறதுதானே உன் வியாபாரம்!" என்று தண்ணீரிலிருந்து ஒருத்தி கத்தினாள். மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

மரூசா பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். நாள்வாரியாக அளவு, கீழே பதினேழு பெண்களின் கையெழுத்து. "உனக்கு நீச்சல் சொல்லிக் குடுத்ததே கலியோப்பிதான். இந்த இடத்துலதான். அவ பதினஞ்சோட நிக்கிறா. நாளைக்கும் வரிசை இங்கேயே இருந்தா, இது காலைக் கப்பல்ல அதிகாரிங்களுக்குப் போகும்."

அன்று மாலையே படுக்கைகள் பின்வாங்கின. மரூசா மரத்திலிருந்து புது நாடா இழுத்து, வரிசை நிற்க வேண்டிய இடத்தில் முளையடித்தாள். "இதுதான் உன் அளவுத் துணி. தினமும் இதை வெச்சு அடுக்கு."

மறுநாள் கலியோப்பி வந்தாள். மணலில் தடியை ஊன்றி, மரூசாவின் தோளைப் பிடித்து, முணுமுணுத்துக்கொண்டே தண்ணீரில் இறங்கினாள். முழுகி எழுந்து முகத்தைத் துடைத்தாள்.

"பதினாறு. இரட்டைப்படையாப் போச்சே! நாளைக்கும் வரணும்."

"எண்ணுக்கும் இடுப்புக்கும் சம்பந்தமில்லைன்னு எத்தனை தடவைடி சொல்றது?"

"தெரியும்டி. நாளைக்கு வர ஒரு சாக்கு வேணாமா?"

அடுத்த வாரமே வரிசை ஒரு விரல் முன்னே வந்திருந்தது. மரூசா நாடாவைக் காட்டினாள். ஆர்சேனிஸ் தானே இழுத்துப் போட்டான்.

நீங்களும் அடுத்த முறை எந்தக் கடற்கரைக்குப் போனாலும், பையில் ஒரு டேப்பைப் போட்டுக்கொண்டு போங்கள். அலைக்கும் முதல் வேலிக்கும், முதல் கடைக்கும், முதல் நாற்காலிக்கும் நடுவே அளந்து பாருங்கள். தினமும் அளந்து, தேதியோடு எழுதி, நாலு பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்க் கேளுங்கள்.