காற்றாலைகளுக்குக் கீழே குனிந்து நடந்தவள்

குன்றின் மேல் வரிசையாக இருபத்து நான்கு காற்றாலைகள் நின்றன. ஒவ்வொன்றின் காலடியிலும் பக்கத்துக்கு நூறு தப்படியாக ஒரு சதுரம் அளந்து மூலைக்கு மூலை கல் நட்டிருந்தார்கள். அந்தச் சதுரத்துக்குள் ஐந்து தப்படிக்கு ஒரு கோடாகப் போய்த் திரும்பி, போய்த் திரும்பி, தரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நடப்பதுதான் அவள் வேலை. சுழலும் காற்றாலை இறக்கையில் அடிபட்டு விழுந்து கிடக்கும் பறவைகளையும் வௌவால்களையும் தேடி எடுத்து, இடத்தையும் தேதியையும் எழுதி, பையில் போட்டு, அலுவலக ஃப்ரீசரில் வைக்க வேண்டும். ஒரு காலைக்கு ஆறு காற்றாலை. நான்கு நாளில் ஒரு சுற்று முடியும். விடிந்ததும் தொடங்கிவிட வேண்டும். தாமதித்தால் காக்கையும் கீரியும் முந்திக்கொள்ளும்.

எந்நேரமும் குனிந்தே நடந்ததால் மெக்கானிக்குகள் அவளுக்கு ‘குனிஞ்சக்கா’ என்று பேர் வைத்தார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. அதற்கு முன் பத்து வருஷம் கோழி வெட்டும் கூடத்தில் நின்றவள். அங்கே அவளுக்குப் பேரே கிடையாது, மூன்றாம் மேசை, அவ்வளவுதான். குன்றில் இந்த வேலைக்கு ஆள் எடுக்க வந்த வௌவால் ஆய்வாளர், படிப்பு முடித்துச் சில வருஷமே ஆன பெண், முதலில் கேட்டதே இதைத்தான்.

“செத்ததைத் தொடறதுக்கு அருவருப்பா இருக்காதா அக்கா?”

“பத்து வருஷமா அதுலதான் மேடம் சோறு.”

அந்த ஒரு பதிலில் வேலை கிடைத்தது. கணவர் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். நாற்காலியில் உட்காருகிற எல்லாரிடமும், “அவ மேல இருந்து விழறதைப் பொறுக்கறா, நான் கீழே விழறதைக் கூட்டறேன், ஜோடிப் பொருத்தம்னா இதுதான்” என்று சொல்லிச் சிரிப்பார்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள் முதல் வௌவாலைக் கண்டாள். சரளைக் கல்லோடு கல்லாகக் கிடந்தது. ஒரு பிஸ்கட் எடைகூட இல்லை. விரித்துப் பார்த்தால் இறக்கைக்குள் மனுஷக் கை மாதிரியே ஐந்து விரல். கோழிகளை எண்ணாமல் வெட்டியவளுக்கு அன்று என்னவோ போலிருந்தது. இன்னொரு நாள் தாயும் அதன் வயிற்றைக் கவ்விய குட்டியுமாகக் கிடந்தன. குட்டிக்குக் கண்கூடத் திறக்கவில்லை. எந்தப் பையில் போடுவது, ஒன்றிலா இரண்டிலா என்று தெரியாமல் அவள் போன் செய்து கேட்டாள்.

“ஒண்ணாவே போடுங்க அக்கா,” என்றாள் ஆய்வாளர். “இது எலி மாதிரி இல்ல. வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டிதான். ஒரு தாய் போனா அந்த இடம் நிரம்ப எத்தனையோ வருஷம் ஆகும்.”

அதன் பிறகு அவள் நடையே மாறிவிட்டது. லீவு நாளில்கூட ஏதாவது தவறவிட்டோமோ என்று மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவாள். முதல் வருஷம் முந்நூற்றுப் பன்னிரண்டு எடுத்தாள். மூன்றில் இரண்டு பங்கு வௌவால். அடுத்த இரண்டு வருஷமும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை.

நான்காம் வருஷம் மழை ஓய்ந்ததும் குன்றில் பனிமூட்டம் அதிகம் என்று நினைத்தாள். வெயில் ஏறியும் மூட்டம் விலகவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். கல்லும் புல்லும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து தெரிந்தன. பெரிய பறவை விழுந்தால் தெரிந்தது. வௌவால் தெரியவில்லை. ஈ மொய்க்கும் சத்தம், நாற்றம், எறும்புச் சாரை, காக்கை இறங்கும் இடம் என்று வேறு துப்புகளை வைத்துத் தேடப் பழகினாள். இன்னும் அதிகமாகக் குனிந்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி மூன்றாம் மேசை. அதுகூடப் பெரிதில்லை. வாழ்க்கையில் இவள் இதில் கெட்டிக்காரி என்று நாலு பேர் சொன்ன ஒரே வேலை இதுதான். அதைக் கைவிட அவளுக்கு மனசு வரவில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை அவளுக்கு ஒரு சோதனை உண்டு. இருபது செத்த கோழிக்குஞ்சுகளை அவளுக்குத் தெரியாமல் சதுரங்களுக்குள் போட்டு வைப்பார்கள். எத்தனையைக் கண்டுபிடிக்கிறாள் என்று பார்த்து, அவள் கண்ணுக்குத் தப்பியது எவ்வளவு இருக்கும் என்று ஆய்வாளர் கணக்கிடுவாள். முன்பெல்லாம் பதினாறு, பதினேழு எடுத்துவிடுவாள். அந்த வருஷம் ஆய்வாளருக்கு வேறு ஊரிலும் வேலை இருந்ததால், குஞ்சுகளைப் போடும் பொறுப்பை வாசல் காவலாளியிடம் விட்டிருந்தாள்.

காவலாளி நல்ல மனுஷன். அவள் தன்னைத் தாண்டிப் போகும்போது முகத்தைப் பார்க்காமல் குரலைக் கேட்ட பிறகுதான் வணக்கம் வைக்கிறாள் என்பதை எப்போதோ கவனித்திருந்தார். அன்று காலை கேட்டைத் திறந்துவிட்டபடி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு பேசினார்.

“ஏழாவதுக்குக் கிழக்கே ரெண்டு. ஒன்பதாவதுல பைப் ஓரமா ஒண்ணு. பதினாலுல மூணு…”

“எதுக்குண்ணே இதெல்லாம் எங்கிட்ட சொல்றீங்க?”

“நான் எங்க சொன்னேன்? சும்மா வாய்விட்டு ஞாபகப்படுத்திக்கறேன். நீ போ தங்கச்சி.”

அவள் கேட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போனாள். இருபதில் பத்தொன்பது எடுத்தாள். ஒன்றை வேண்டுமென்றே விட்டாள்.

அந்த வருஷம் அவள் எடுத்த மொத்தம் நூற்று நான்கு. சாவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது, தேடுபவரின் திறமையோ முன்னைவிடக் கூடியிருக்கிறது என்று அறிக்கை போயிற்று. அடுத்த குன்றில் புதிதாக நாற்பது காற்றாலை வைக்க நிறுவனம் அனுமதி கேட்டிருந்த நேரம் அது. அந்தக் குன்றின் அடியில் ஒரு குகை. இங்கே அடிபடும் வௌவால்களில் பாதிக்கு வீடு அதுதான். மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டத்தில் நிறுவனத்தின் மேலாளர் எழுந்து அந்த அறிக்கையைத் தூக்கிக் காட்டினார்.

“வௌவால் பழகிக்கிச்சு சார். இறக்கைக்கு ஒதுங்கிப் போகக் கத்துக்கிச்சு. நம்ம அக்கா கண்ணுக்கு ஒரு ஈ தப்பாது. அவங்களே நூத்தி நாலுதான் எடுத்திருக்காங்க.”

எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். மேடையிலிருந்தவர்களின் முகம் அவளுக்குத் தெரியவில்லை. கும்பிட்டு வைத்தாள். வௌவால் பழகியிருக்கலாம், படித்தவர்கள் சொல்கிறார்களே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஐந்தாம் வருஷம் ஒரு மத்தியானம் கணவருக்குத் தேநீர் ஊற்றினாள். கோப்பைக்கு வெளியே, அவர் முழங்கையில் ஊற்றினாள். அவர் முதலில் கத்தினார், பிறகு சிரித்தார், பிறகு அவள் முகத்துக்கு நேரே இரண்டு விரலைக் காட்டி, “எத்தனை?” என்றார்.

“விளையாடாதீங்க.”

“எத்தனைன்னு சொல்லு.”

அவள் கை நீட்டி அவர் விரலைத் தேடினாள். மறுநாளே கடையைச் சாத்திவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. இவ்வளவு நாள் எப்படி நடமாடினீர்கள் என்று டாக்டர் கேட்டார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். தினமும் ஊரார் தலையை அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறவர், வீட்டில் இருந்த கண்ணைப் பார்க்கவில்லை.

காலில் பித்த வெடிப்பு என்று சொல்லிக் குன்றில் லீவு வாங்கியிருந்தாள். ஆபரேஷன் முடிந்து இரண்டு கண்ணும் ஆறி மறுபடி மேலே ஏற ஏழு வாரம் ஆயிற்று. காற்றாலை இத்தனை வெள்ளை என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. முதல் சதுரத்தில் நாலு கோடு நடப்பதற்குள் மூன்று வௌவால். காய்ந்து, கிழிந்த குடைத்துணி மாதிரிக் கிடந்தன. ஒன்பதாம் காற்றாலைக்குக் கீழே மட்டும் ஏழு. ஏழு வாரமாக யாரும் தேடவில்லை, சேர்ந்து கிடக்கிறது, அவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். நான்கு நாளில் எல்லாவற்றையும் பொறுக்கித் தரையைச் சுத்தமாக்கினாள்.

ஐந்தாம் நாள் மறுபடி முதல் சதுரத்திலிருந்து தொடங்கினாள். இப்போது கிடைப்பதெல்லாம் புதுசாகத்தான் இருக்க வேண்டும். அந்தச் சுற்று முடிந்தபோது பையில் முப்பத்தொன்று இருந்தது. உடம்பு இன்னும் வளையும் பதத்தில் இருந்தவை. அலுவலகத்தில் போன வருஷ நோட்டை எடுத்து அதே நான்கு தேதிகளைப் பார்த்தாள். ஆறு.

ஃப்ரீசர் மூடியில் கை வைத்தபடி நின்றாள். சாவு குறையவே இல்லை. அவள்தான் மிதித்து நடந்திருக்கிறாள்.

காவலாளியிடம்தான் முதலில் சொன்னாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“விடு தங்கச்சி. அனுமதி வந்து ஒரு மாசம் ஆச்சு. ரோடு போட்டுட்டாங்க. இனிமே நீ சொல்லி என்ன ஆகப்போகுது? உன் வேலையும் போகும், என் வேலையும் போகும்.”

“நீங்க எனக்கு நல்லதுதான் நினைச்சீங்கண்ணே.”

“அப்ப வாயை மூடிட்டு இரு.”

இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சவரக்கத்தியைத் துடைத்து மடக்கி வைத்துவிட்டு, “நாளைக்கு நானும் கூட வரேன்” என்றார்.

ஆய்வாளரின் அலுவலகம் இரண்டாம் மாடியில், மேசையெல்லாம் கோப்பாக இருந்தது. அவள் உட்காராமல் நின்றபடியே சொன்னாள். கண், கோழிக்குஞ்சு, காவலாளி, முப்பத்தொன்று. எதையும் மறைக்கவில்லை. ஆய்வாளர் போன வருஷக் கோப்பை இழுத்து அறிக்கையைத் திறந்தாள்.

“அது என் பேர்ல போன அறிக்கை அக்கா. உங்க கண்ணுல படலைங்கறதை, சாகலைன்னு எழுதிட்டேன் நான்.”

“தப்பு என்னோடது மேடம்.”

“உங்களோடது மட்டும் இல்ல. எண்ணிக்கை திடீர்னு குறைஞ்சப்ப நான் ஒரு தடவை கூட வந்து உங்களோட நடந்திருக்கணும். குறைஞ்சிருக்குன்னு எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஏன்னு யாருமே கேக்கல.”

திருத்தம் எழுதினார்கள். ஒரு பக்கம். அவள் கையெழுத்தும் அதில் இருந்தது. அனுமதி கொடுத்த துறையின் அதிகாரி அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். பழைய குன்றுக்கு ஓர் உத்தரவு வந்தது. வௌவால் அதிகம் பறக்கும் மூன்று மாதம், காற்று மெதுவாக வீசும் நேரங்களில் காற்றாலையை நிறுத்தி வைக்க வேண்டும். புதிய குன்றுக்கு அது பொருந்தாது, அதன் அனுமதி முறைப்படி கொடுக்கப்பட்டுவிட்டது என்று கடைசி வரியில் எழுதியிருந்தது. அடுத்த மழைக்குள் நாற்பதும் சுற்றத் தொடங்கின.

தேடும் வேலையை நிறுவனம் வேறொரு குழுவுக்குக் கொடுத்தது. அவர்கள் மோப்ப நாயோடு வந்தார்கள். நாய் முதல் வருஷம் அறுநூறுக்கு மேல் எடுத்ததாகக் கேள்விப்பட்டாள். காவலாளிக்கு வேலை போயிற்று. கணவரிடம் முடி வெட்டிக்கொள்ள இப்போதும் வருவார், ஆனால் அவள் கடைக்குள் வந்தால் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு தடவை அவள், “அண்ணே” என்றாள். அவர் அவள் கணவரைப் பார்த்து, “பின்னாடி இன்னும் கொஞ்சம் குறைங்க” என்றார்.

அவள் கோழிக் கூடத்துக்கே திரும்பினாள். இந்தத் தடவை ஐந்தாம் மேசை.

வருஷத்துக்கு நான்கு சாயங்காலம் மட்டும் லீவு போட்டுவிட்டு ஆய்வாளருடன் குகைக்குப் போவாள். ஆளுக்கொரு எண்ணும் கருவியோடு குகை வாய்க்கு எதிரே பாறையில் உட்காருவார்கள். வெளிச்சம் மங்கும்போது வௌவால்கள் புறப்படும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொடுக்கு. திருத்தம் எழுதிய வருஷம் நாலாயிரத்துச் சொச்சம் வந்தது, முக்கால் மணி நேரம் விடாமல் சொடுக்கி விரல் வீங்கிப்போயிற்று. அடுத்த வருஷம் இரண்டாயிரத்து அறுநூறு. அதற்கடுத்த வருஷம், பத்து நிமிஷத்திலேயே புறப்பாடு சிதறலாகி, இரண்டு, ஒன்று என்று வந்து நின்றுபோனது. மேலே நாற்பது இறக்கைகளின் சத்தம் மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

“எண்ணூத்தி எழுபது. உங்களுக்கு?”

“எண்ணூத்தி எழுபத்தி ரெண்டு மேடம்.”

ஆய்வாளர் எழுதிக்கொண்டு நோட்டை மூடினாள். “அவ்வளவுதான் போல அக்கா. கிளம்பலாமா?”

“கொஞ்சம் பொறுங்க. இப்பத்தான் எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதே. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கறேன்.”

முழுசாக இருட்டும் வரை பார்த்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.