டிரம்முக்குக் குல்லாய் இல்லை

எங்கள் தொழிலில் மெஷின் தானாகக் கெடுவது அபூர்வம், கெடுக்கப்படுவதுதான் அதிகம். சர்வீஸ் வேலையில் காலம் தள்ளும் சக பாவிகளே, இது உங்களுக்கும் தெரியும்.

கொல்கத்தாவில் நான் பார்த்துக்கொள்வது ஃபோம் அடிக்கும் மெஷின். இரண்டு டிரம்களில் உள்ள திரவங்களைச் சூடாக்கி, சூடு ஆறாமல் ஹீட்டர் கம்பி ஓடும் நீண்ட ஹோஸ் வழியே அனுப்பி, முனையில் கலந்து சுவரில் அடித்தால் நுரைத்து இறுகி, சூடோ குளிரோ புகாத மெத்தையாகிவிடும். சூடு சரியாக இருந்தால் போதும். அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

போன குளிர்காலத்தில் எங்கள் மேனேஜர் சாமிநாதன் சார் என்னைக் கூப்பிட்டார். அந்த சீசனில் மூன்று மெஷின் பழுதாகித் திரும்பி வந்தால் என்னைக் குவாஹாத்திக்கு மாற்றிவிடுவாராம். என் மகள் அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். நடுவில் பள்ளிக்கூடம் மாற்ற முடியாது.

சளி பிடிக்காத டிரம்

கிடர்பூரில் ஒரு மீன் கிடங்கு. சுவரில் அடித்த ஃபோம் எழும்பாமல் வழிகிறது என்று போன் வந்தது. போய்ப் பார்த்தால் சூப்பர்வைசர் மங்கி குல்லாய், மப்ளர், இரண்டு ஸ்வெட்டர் சகிதம் அறைக்குள் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். டிரம்கள் இரண்டும் இரவு முழுக்க வெளியே பனியில் நின்றிருக்கின்றன.

உள்ளே சரக்கு கஞ்சி மாதிரி கெட்டிப்பட்டிருந்தது. அதை இழுத்து இழுத்தே பம்ப் போய்விட்டது. முதல் நாளே டிரம்மை உள்ளே வையுங்கள் என்று மூன்று முறை சொல்லியிருந்தேனே என்று கேட்டேன். அவர் வங்காளத்தில் நிதானமாகச் சொன்னார்: "உள்ளே வச்சா ஆளுங்க எங்கே உட்கார்றது தாதா? டிரம்முக்கா சளி பிடிக்கப் போகுது?"

மீதி முப்பது டிகிரி

டாலிகஞ்சில் சீரியலுக்கு செட் போடுகிறவர் ஒருவர், ஃபோமிலேயே ஒரு மலை செய்துகொண்டிருந்தார். ஐம்பது டிகிரிக்கு மேல் போகாதீர்கள் என்று மெஷினிலேயே எழுதி ஒட்டியிருந்தேன். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எண்பதில் வைத்துவிட்டார். மலை வெடித்து, சட்டத்தை விட்டுக் கழன்று தரையில் படுத்துவிட்டது. ஹீட்டருக்குள் சரக்கு கருகிப் பிடித்துக்கொண்டது. அவருக்குத் துளியும் வருத்தமில்லை. என்னைத்தான் முறைத்தார்: "எண்பது வரைக்கும் நம்பர் போட்டிருக்கு. மீதி முப்பது டிகிரிக்கும் சேர்த்துத்தானே மெஷின் வாங்கினேன்?"

சார் நடத்திய பாடம்

அடுத்து ஜாதவ்பூரில் ஒரு கல்லூரியில் டெமோ. எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை, அதனால்தான் எல்லாரும் கெடுக்கிறார்கள் என்று சாமிநாதன் சாரே கிளம்பி வந்தார், தலையில் மங்கி குல்லாயோடு. ஹோஸ் வளையம் வளையமாகச் சுற்றித் தரையில் கிடந்தது. அதை விரித்துப் போடாமல் ஹீட்டரைப் போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் ஹோஸ் தன்னைத்தானே வேகவைத்துக்கொள்ளும். சொல்ல வாயெடுத்தேன். "எல்லாம் தெரியும், நகருங்கோ" என்று சுவிட்சைத் தட்டிவிட்டு, வாடிக்கையாளர்களின் அறியாமையைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்.

ரப்பர் தீயும் நாற்றம் பின்வரிசை மாணவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. மூன்றாவது மெஷினும் போயிற்று. மகளுக்கு என்ன சொல்வது என்று நான் நின்றுகொண்டிருந்தபோது, சார் என்னைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். "ரிப்போர்ட்ல காரணம்னு ஏதாவது எழுதிக்கோங்கோ. என் பேர் மட்டும் வேண்டாம்."

காரணம் என்ற கட்டத்தில் 'கடும் குளிர்' என்று எழுதி நீட்டினேன், சார் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார், நான் இன்னும் கொல்கத்தாவில்தான் இருக்கிறேன்.