கடலில்லாத மலையில் ஓர் ‘ஆரியா’

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குகளுக்கு ஆவணம் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். என் ஜன்னலுக்கு வெளியே நாள் முழுக்க ஒரு சொல் கேட்கும். ‘ஆரியா!’ கீழே நிற்பவர் கிரேன்காரருக்குக் கொடுக்கும் குரல். ‘இறக்கு’ என்று பொருள். இனம், அரசியல் எதையும் இதில் தேட வேண்டாம். கப்பல் பாயையும் கொடியையும் கீழே இறக்கப் போர்ச்சுக்கீசிய மாலுமிகள் சொன்ன சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அவர்களுடைய கப்பல்களில் அரபி, குஜராத்தி, மலையாளி, நம் ஊர்க்காரர் எல்லாரும் வேலை செய்தார்கள். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாத இடத்தில், எல்லாருக்கும் புரியும்படி இப்படிச் சில சொற்கள் தங்கிவிட்டன.

இது துறைமுகத்தில் கேட்பதில் வியப்பில்லை. போன அக்டோபரில் போடிநாயக்கனூர் தோழி ஒருத்தி ஒரு வீடியோ அனுப்பினாள். ஏலக்காய்ச் சரிவு, கயிற்றில் இறங்கும் தண்ணீர்த் தொட்டி, படத்துக்கு வெளியே யாரோ ‘ஆரியா’ என்கிறார்கள். உடன் வேலை பார்ப்பவரிடம் காட்டினேன். “சும்மா ஒரு சத்தம் மேடம், இதுக்கெல்லாம் அர்த்தம் கிடையாது” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போய்க் கேட்டுவிட்டே வருவதென்று இரண்டு நாள் லீவு போட்டேன்.

மதுரையிலிருந்து போடிக்குக் காலையில் ரயில் இருக்கிறது. இரண்டு மணி நேரம் ஆகும், டிக்கெட் டீக்காசுதான். அங்கிருந்து போடிமெட்டுக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸைத் தவறவிட்டேன். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் நூறு ரூபாய் கொடுத்து ஒண்டிக்கொண்டேன். வயிறு குமட்டுபவர்கள் முன்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை, எட்டாவது வளைவில் அனுபவித்தேன்.

தோழி சொல்லி அனுப்பிய ஆள் காதர் பாய். போடிக்காரர், மலையில் பாரம் ஏற்றி இறக்கும் குழுவின் தலைவர். நான் போனபோது சாலையோரப் பலாமரத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மரச்சட்டத்தில் கட்டிய ஒரு டிரையர், அதாவது ஏலக்காய் உலர்த்தும் இயந்திரம், சரிவில் இறங்கக் காத்திருந்தது. அதன் சொந்தக்காரி ராசாத்தி, போடிப் பக்கத்துச் சிலமலையில் வயல் வைத்திருப்பவள். இந்தச் சரிவைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறாள். பழைய டிரையரில் முந்தின நாள் ஓட்டை விழுந்துவிட்டது. பறித்த பச்சைக்காய் மூட்டை மூட்டையாகக் கீழே, காய் உலர்த்தும் கொட்டகையான ஸ்டோரில் கிடந்தது. அன்றைக்கே சூடு காட்டாவிட்டால் நிறம் போய்விடும், அந்த வருடத்துப் பாடும் போய்விடும். அவள் கண் கீழே ஸ்டோர் இருந்த திசையை விட்டு நகரவில்லை.

வந்த காரியத்தைச் சொன்னேன். காதர் பாய் கையை உயர்த்தித் தடுத்தார்.

“ஏம்மா, கேக்குறதெல்லாம் பொறவு கேளுங்க. கயிறு விறைப்பா இருக்கும்போது அந்தச் சொல்ல மட்டும் வாயில எடுத்துராதீங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சொல்லுக்காகத்தானே வந்திருக்கிறேன்! அடுத்த அரைமணியில் சிரிப்பு அடங்கிவிட்டது.

அவர்கள் முறை இது. கயிறு பிடிக்கும் நால்வரும் மேலே மரத்தடியில். சரிவு வளைவதால் பாரம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. நடுவே பாரம் தெரியும் இடத்தில் ஒருவர் மட்டும் நிற்பார், அன்று அது காதர் பாய். அவர் கயிற்றைத் தொட மாட்டார். அவர் ‘ஆரியா’ என்றால் ஒரு முழம் விடுவார்கள், பிறகு தாமாகவே நிறுத்துவார்கள். வேறு யார் என்ன கத்தினாலும் கை அசையாது. ‘விடு’, ‘இறக்கு’ என்பதெல்லாம் எல்லார் வாயிலும் வரும் பேச்சு. இது அப்படி வராது. அதனால்தான் இந்த அந்நியச் சொல் இங்கே பிழைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

பாய்க்குப் பின்னால் ராசாத்தியும் நானும் நிற்க, பாதிச் சரிவுவரை ஒழுங்காக இறங்கியது. மேகம் கவியத் தொடங்கியது. ராசாத்திக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு நேரமும் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல்லை அவளே ஓங்கிச் சொல்லிவிட்டாள். “ஆரியா! வெரசா ஆரியா!” பாயின் குரலோடு அதுவும் சேர்ந்து போக, எது யார் குரலென்று தெரியாமல் மேலே இருந்தவர்கள் இரண்டு மடங்கு விட்டுவிட்டார்கள். டிரையர் திடுமென்று சரிந்து ஒரு பாறையில் இடித்து, சாய்ந்து நின்றது.

ராசாத்தி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ரெண்டு வாய் பேசினா கயிறு எதைக் கேக்கும்?” என்றார் பாய். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பாறையிலிருந்து சட்டத்தை நெம்பக் கடப்பாரையோடு அவரே பாரத்துக்குப் பக்கத்தில் போக வேண்டும். அங்கே ஓடை இரைச்சல், அவர் குரல் மேலே எட்டாது. நடுவில் ஒருவர் நின்று அவர் கையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

“நான் சொல்றேன் பாய், இனி ஒழுங்கா சொல்றேன்” என்றாள் ராசாத்தி.

“வேணாம்மா. அவசரம் இருக்கவங்க சொல்லக் கூடாது.” என் பக்கம் திரும்பினார். “நீங்க நில்லுங்க. உங்களுக்குத்தான் இங்க ஒண்ணும் போகப்போறதில்ல.” மேலே பார்த்துக் கத்தினார். “ஏய், இனி இந்தம்மா குரல்தான்!”

மறுத்திருக்கலாம். ஆனால் தூத்துக்குடியிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது வேடிக்கை பார்க்கவா? போய் நின்றேன். காலில் அட்டை ஏறுவது தெரிந்தது, குனியவில்லை. பாய் கடப்பாரையைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்து நெம்பினார். பாரம் அவர் தோளுக்கு ஒரு கை தூரத்தில் ஆடியது. மேகத்துக்குள் அவர் வெள்ளைச் சட்டை மறைந்து மறைந்து தெரிந்தது. அவர் கை இறங்கியது.

“ஆரியா!”

வருடக்கணக்காகக் கேட்ட சொல்லை அன்றுதான் முதல்முறை சொன்னேன். மேலே கயிறு முனகியது, பாரம் ஒரு முழம் இறங்கி நின்றது. மறுபடி கை. மறுபடி நான். ஒருமுறை மேகம் முழுக்க மூடிவிட்டது. கை தெரியவில்லை. பின்னால் ராசாத்தி விம்முவது கேட்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். யார் அழுதாலும் சரி, அந்தக் கையைப் பார்க்காமல் சொல்வதில்லை. மேகம் விலகியதும் பாய் இரண்டடி தள்ளிக் கால் வழுக்கி உட்கார்ந்திருந்தார், பாரத்துக்கு நேர் கீழே. நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கப் பிடிக்கவில்லை. அவர் எழுந்து, விலகி, கையை இறக்கினார்.

சாயங்காலத்துக்குள் டிரையர் ஸ்டோருக்குள் போய்விட்டது. ராசாத்தி அடுப்பில் விறகை வைத்தாள். முதல் தட்டுக் காய் சூடேறி மணந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நீங்க வாயத் தொறக்காம நின்னீங்களே, அதுக்குத்தான்” என்று மட்டும் சொன்னாள்.

பால் ஊற்றாத கட்டன் சாயா குடித்தபடி பாயிடம் கேட்டேன், சொல் எப்படி மலையேறியது என்று. கொச்சித் துறைமுகத்தில் வேலை பார்த்த மாமாவிடம் கற்றதாகச் சொன்னார். குரங்கணிப் பக்கம் முன்பு ஓடிய கயிற்றுப் பாதையில் தேயிலை இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடிக்குத்தான் போனது. அந்த வழியில் எங்கள் ஊரிலிருந்தே ஏறியிருக்கலாம் என்பது என் ஊகம். இரண்டுக்கும் என்னிடம் சான்று இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: அறுவடைக் காலத்தில் போனால் ஸ்டோர்களில் வேலை நடப்பதைப் பார்க்கலாம், அனுமதி கேட்டுக்கொண்டு நுழையுங்கள். அட்டைக்கு முழங்கால்வரை சாக்ஸ், கையில் கொஞ்சம் உப்பு. மாலையில் சாலையை மேகம் மூடும் முன் இறங்கிவிடுங்கள். கயிறு இழுபடும் இடத்தில் செல்போனையும் வாயையும் மூடிவையுங்கள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில், ‘சும்மா ஒரு சத்தம்’ என்ற அதே நண்பர் கேட்டார். “அந்த மலைக்காரங்க எப்படித்தான் கத்துறாங்க, ஒருதடவை சொல்லிக் காட்டுங்க மேடம்.”

வாயைத் திறந்தேன். ஜன்னலுக்கு வெளியே கிரேனில் ஒரு கன்டெய்னர் தொங்கிக்கொண்டிருந்தது. அது தரையைத் தொடும்வரை நான் பேசவில்லை.