நாலாவது கட்டத்தில் நான் எழுதிய பொய்

1. மூன்றாவது காய்ச்சல்

"இன்னொரு தடவை இப்படிக் காய்ச்சலோட வந்தீங்கன்னா கிட்னியே போயிடும். தண்ணி குடிங்கம்மா, தண்ணி!"

எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் கத்தினார். எதிரே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மல்லிகா. மாமல்லபுரத்தை ஒட்டிய மீனவர் குப்பத்துக்காரர். நாலைந்து பெண்கள் சேர்ந்து குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி பிடித்து, அன்னக்கூடைகளோடு செங்கல்பட்டுக்குப் போய் மாலைவரை தெருவோரம் உட்கார்ந்து மீன் விற்பார்கள். யூரின் இன்ஃபெக்‌ஷன் அவருக்கு அது மூன்றாவது முறை.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ரெஜினா மேடம், நீங்கதானே ஹெல்த் எஜுகேட்டர்? மீன் விக்கிற பொம்பளைங்க நெறைய பேரு இதே கம்ப்ளெய்ன்ட்டோட வர்றாங்க. ஏதாவது ப்ரோக்ராம் போடுங்க."

ஒரு வேலையைச் சொல்லிவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ரிட்டயர் ஆன பிறகும் அந்தக் குணம் போகவில்லை. அன்று மதியமே ப்ரோக்ராமுக்கான ஃபார்மை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

2. ஆறு கட்டம், ஒரு பாட்டில்

எங்கள் தொழிலில் 'ஹெல்த் பிலீஃப் மாடல்' என்று ஒன்று உண்டு. ஒருவர் பழக்கத்தை மாற்ற வேண்டுமானால் அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஆறு கட்டத்தில் எழுத வேண்டும். நோய் தனக்கும் வரும் என்று நினைக்கிறாரா? வந்தால் ஆபத்து என்று தெரியுமா? மாறினால் என்ன நன்மை? மாற என்ன தடை? எது ஞாபகப்படுத்தும்? தன்னால் முடியும் என்ற தைரியம் இருக்கிறதா?

ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து அரை மணியில் ஆறையும் நிரப்பினேன். நாலாவது கட்டமான தடைக்கு நேராக 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதினேன். அதுவரை போட்ட எல்லா ப்ரோக்ராமுக்கும் அதையேதான் எழுதியிருந்தேன். மேலே இருந்தும் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

குப்பத்தில் கூட்டம் போட்டுக் கெட்டுப்போன கிட்னியின் படம் காட்டினேன். ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தேன். பத்து மணிக்குள் இந்தக் கோடுவரை, நாலு மணிக்குள் அந்தக் கோடுவரை என்று அதில் நானே பெயின்டால் கோடு போட்டிருந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

ஒரு மாதம் கழித்து அவர்கள் விற்கும் இடத்துக்கே போனேன். மல்லிகா அந்தப் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துச் சங்கரா மீன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"வா மேடம்! சூப்பர் பாட்டிலு. மூடியில ஓட்டை போட்டா மீனுக்கு நல்லா தெளிக்குது." வரிசையில் எல்லோர் மூடியிலும் ஓட்டை.

எனக்கு வந்ததே கோபம்! "உனக்கு உயிர்மேல ஆசை இல்லையா மல்லிகா? டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? ப்ளஸ் டூ படிக்கிற பொண்ண யார் பாத்துக்கிறது?"

மல்லிகா முகம் மாறிவிட்டது. "எனுக்கு மட்டும் பயமில்லியா? ராவெல்லாம் அதே நெனப்பாத்தான் கீது. படமெல்லாம் காட்டாத. நாளிக்கு எங்கூட வா. சாயங்காலம் வரிக்கும் குந்து. அப்பால திட்டு."

3. குந்திய நாள்

போனேன். பதினொரு மணிக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. என் பையிலும் ஒரு பாட்டில் இருந்தது. இரண்டு தடவை கையை விட்டு எடுத்தேன், இரண்டு தடவையும் திரும்ப வைத்துவிட்டேன். மல்லிகா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"இன்னா மேடம், தண்ணிய பைல வெச்சிகினு ஏன் குடிக்கல?"

"அப்புறம் குடிச்சிக்கிறேன்."

"அப்பால இன்னா அப்பால? நானும் தெனம் அதான் சொல்லிகினு கீறேன். குடிச்சா ஒண்ணுக்கு எங்க போவ, சொல்லு!"

எதிரே ஓட்டலில் இருந்த கழிப்பறை கஸ்டமருக்கு மட்டும். தெருக்கோடியில் பொதுக் கழிப்பறை இருந்தது, மோட்டார் ரிப்பேர் என்று பூட்டு தொங்கியது. ஃபீல்டு போகும் நாளில் நானும் வீடு திரும்பும்வரை தண்ணீர் தொடமாட்டேன். யார் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பது என்று கூச்சம். எத்தனை வருஷமாக! எனக்கு விழிப்புணர்வு இல்லையா? அடுத்தவருக்குப் பாடம் நடத்தி மாதச் சம்பளம் வாங்கியவள் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் பழைய ஃபார்மைக் கிழித்துப் போட்டேன். புதிய ஃபார்மில் நாலாவது கட்டத்தில் 'பூட்டு' என்று மட்டும் எழுதினேன்.

அதன்பின் அந்தப் பூட்டைத் திறக்க நகராட்சிக்கு இரண்டு மாதம் அலைந்தேன். மோட்டார் இவரிடம், சாவி அவரிடம், கையெழுத்து இன்னொருவரிடம். அதற்குள் நாலாவது காய்ச்சல் வந்துவிடுமோ என்ற பயத்தில் காலையில் எழுந்ததும் மல்லிகாவுக்கு போன் போடுவேன்.

"காய்ச்சல் அடிக்குதா?"

"இல்ல மேடம். தெனம் தெனம் பேஜாரு பண்ணாத!"

பெண்களே சுத்தமாக வைத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்த பிறகு சாவி மல்லிகா கைக்கு வந்தது. மோட்டாரும் ஓடியது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மாடல்மேல் குற்றம் இல்லை. தடை என்னவென்று கேள் என்றுதான் அது சொன்னது. நான் கேட்காமலே பதில் எழுதினேன்.

சாவி கிடைத்த அன்று மல்லிகா புது மூடி போட்ட பாட்டிலைத் திறந்து நாலு மணிக் கோடுவரை ஒரே மூச்சில் குடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னா பாத்துகினு கீற? நீயும் குடி."

குடித்தேன். அரை மணி கழித்துக் கையை நீட்டினேன். மல்லிகா முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துக் கொடுத்தார்.