சோளம் அறுக்கிற வரைக்கும்

அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, மறுவருஷமே பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்துவிட்ட சமயம். மருமகள் விட்டுப்போன பத்தாவதைத் தனியாக எழுதப் படித்துக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரிக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். ஒருநாள் ஜெர்மனி தேசத்துப் பாடம். சனங்கள் பயந்து கிடந்தார்களாம். ஒருத்தன் வந்து, எல்லாம் இவர்களால்தான் என்று ஒரு கூட்டத்தைக் காட்டினானாம். கொஞ்ச காலத்துக்கு என்று வாங்கிய அதிகாரத்தைத் திருப்பித் தரவேயில்லையாம்.

"அம்புட்டு சனமும் எப்புடித்தான் வுட்டுச்சோ, அத்தை?" என்றாள்.

எழுத்துக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். அந்தப் பாடம் மட்டும் எனக்குப் புதிதில்லை.

சின்ன வயதில் நடந்தது; அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். வரதராஜன்பேட்டைப் பக்கம் எங்கள் ஊர். ஏழெட்டுப் பிள்ளைகள் ஏரிக்கரைத் தரிசில் மாடு மேய்ப்போம். மாடு விலகிப் போனால் திருப்பிவர ஆளுக்கொரு முறை உண்டு. மற்றவர்கள் இலுப்பை நிழலில் கிடப்போம்.

எங்களோடு மேய்த்த மாமன் மகளுக்கு ஓடவே வேண்டாம். நின்ற இடத்திலிருந்து நீட்டி ஒரு குரல் கொடுப்பாள். எல்லா மாடும் திரும்பும். ஊரிலேயே பெரிய பசு எங்கள் வீட்டுச் செவலை. நான் தவிடு வைத்து, குளிப்பாட்டி வளர்த்தது. அதுவும் என் குரலுக்குத் திரும்பாது, அவள் குரலுக்குத் திரும்பும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒரு மத்தியானம் மாடுகள் பக்கத்துச் சோளக்கொல்லையில் புகுந்துவிட்டன. முதலில் நுழைந்தது பெரியப்பா மகனுடைய காளை. அந்த அண்ணனுடைய முறைதான் அன்றைக்கு. ஆனால் தூங்கிப்போயிருந்தான். நான் கண்ணால் பார்த்தேன். கொல்லைக்காரர் வந்து, இன்னொரு தடவை நடந்தால் மொத்த மாட்டையும் பவுண்டில் அடைப்பேன் என்று கத்திவிட்டுப் போனார். பவுண்டில் அடைத்த மாட்டை அபராதம் கட்டித்தான் மீட்க வேண்டும், வீட்டில் அடி விழும் என்று எல்லோரும் பயந்துபோனோம்.

அண்ணன்தான் முதலில் எழுந்து நின்றான். கொல்லைக்காரரிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னான். சோளம் அறுக்கிற வரைக்கும் முறையெல்லாம் வேண்டாம், யார் போவதென்று தானே சொல்வேன் என்றான். பிறகு மாமன் மகளைக் காட்டி, "இவ கத்துனதுலதான் மாடு மெரண்டுச்சு" என்றான்.

அவள் என்னைத்தான் பார்த்தாள். "நீ பாத்தீல்ல, சொல்லு புள்ள."

"நான் ஒண்ணும் பாக்கல" என்றேன். சொல்லும்போது எரிந்த வயிறு குளிர்ந்த மாதிரி இருந்தது.

சம்மதமானவர்கள் கோலைத் தூக்கச் சொன்னான். முதல் கோல் என்னுடையது. பனையோலையைக் கிழித்து வளையம் முடைந்து, முதல் வளையத்தை என் கையில்தான் மாட்டினான். வளையம் போட்டவர்களுக்கே நிழல். வளையம் இல்லாதவள் அவள் ஒருத்திதான். அவள் குரல் கொடுக்கக் கூடாது, ஓடித்தான் திருப்ப வேண்டும். யாராவது அவளோடு பேசினால் அண்ணனிடம் சொல்லும் வேலை எனக்கு. ஒழுங்காகச் செய்தேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்த சின்னப் பையனைக்கூடக் காட்டிக்கொடுத்தேன்.

இருபது நாள் ஓடியிருப்பாள். காலில் கருவேல முள் ஏறிச் சீழ் வைத்தது. அதன் பிறகு வரவில்லை. கூலிக்குக் கடலைக்காய் ஆயப் போய்விட்டாள் என்றார்கள். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இனிமேல் செவலைக்கு என் குரல் மட்டும்தானே.

சோளம் அறுத்தாயிற்று. இனி முறை வைத்துக்கொள்ளலாமா என்று அண்ணனைக் கேட்டேன்.

"வரகு இன்னும் நிக்குதுல்ல?" என்றான். பல் குத்திக்கொண்டே தூரத்தில் விலகிப்போகும் மாடுகளைக் காட்டினான். "நீ போ."

சுற்றிலும் பார்த்தேன். எல்லார் கையிலும் வளையம். ஒருத்தரும் நிழலை விட்டு எழவில்லை. சின்னப் பையன் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

வெயிலில் இறங்கி நடந்தேன். அவர்கள் காதுக்கு எட்டாத தூரம் போனதும், அவளைப் போலவே கழுத்தை நீட்டிக் குரல் கொடுத்தேன். செவலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுபடி கத்தினேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவன் ஏமாற்றிவிட்டான் என்று அழவில்லை. நான் பொய் சொன்னேன் என்றும் அழவில்லை. அவளையே துரத்தியாயிற்று, இன்னும் அந்தக் குரல் எனக்கு ஏன் வரவில்லை என்றுதான் அழுதேன்.