ஆட்டோ போட்ட பச்சை

என் மனைவியை மெச்சி நாலு வார்த்தை எழுதப் போகிறேன் என்றால் அவளே நம்பமாட்டாள். வீட்டில் நான் வாய் திறந்தால் பெரும்பாலும் சத்தம்தான் வரும். ஆனாலும் அந்த ஏலக்காய்ப் படத்தின் கதையை அவளை மெச்சாமல் சொல்ல வழியில்லை.

போடியில் எங்களுக்கு ஏலக்காய் வியாபாரம். முன்பெல்லாம் வாங்குகிறவர்கள் கடை வாசலுக்கு வந்து, காயை உள்ளங்கையில் அள்ளி, வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். இப்போது போனில் படம் போகிறது, விலை வருகிறது. எங்களின் பெரிய வாடிக்கை சென்னையில் இருக்கும் ஓர் அண்ணாச்சி. ஏலக்காயைச் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். பாக்கெட்டுக்குள் காய் பச்சையாகத் தெரிய வேண்டும், அதுதான் அவருக்கு முக்கியம். அவர் போடிக்கு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. எங்கள் சொல்லையும் படத்தையும் நம்பியே வாங்குகிறார்.

என் மனைவி கல்யாணத்துக்கு முன்னால் தேனியில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் தயாரிக்கும் வேலையில் இருந்தவள். அதனால் கடையின் படவேலை அவள் கைக்குப் போயிற்று. காலையில் கடை வாசலில் ஒரு வெள்ளைத் தாளை விரிப்பாள். பாதித் தாளில் காய், மீதிப் பாதி வெறுமனே கிடக்கும். படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்த வெறும் தாளின் மேல் ஒரு தட்டுத் தட்டுவாள். 'இதுதான் வெள்ளை' என்று மென்பொருளுக்கு அடையாளம் காட்டுகிறாளாம். தாள் வெள்ளையாகும், கூடவே காயும் தன் நிறத்துக்கு வந்துவிடும். அதற்குமேல் ஒரு துளி சேர்க்கமாட்டாள்.

திரையின் மூலையில் மேடும் பள்ளமுமாக ஒரு சின்னக் கட்டம் எப்போதும் தெரியும். "படத்துக்கு ஈ.சி.ஜி. எடுக்கிறியா?" என்று ஒருநாள் கேலி செய்தேன்.

"ஹிஸ்டோகிராம்ங்க. இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம். படத்துல எது எம்புட்டு இருக்குன்னு இது காட்டிரும். நம்ம கண்ணு ஏமாந்தாலும் இது ஏமாறாது" என்றாள்.

முன்பு மேகமலையில் நாங்கள் எடுத்திருந்த ஒரு படத்தைத் திறந்து காட்டினாள். மூடுபனிக்குள் தேயிலைத் தோட்டம். கட்டத்தில் எல்லாம் நடுவில் ஒரே குன்றாகக் குவிந்திருந்தது, இரண்டு ஓரமும் காலி. 'ஆட்டோ' என்ற இடத்தில் அமுக்கினாள். குன்று இரண்டு ஓரத்தையும் தொடும்படி விரிந்தது. பனி காணாமல் போய், தேயிலைச் செடிகள் கழுவி வைத்தது போல வந்து நின்றன. அடேயப்பா என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நாம பார்த்தது பனி. அதைக் காணோம்ல? எல்லாப் படத்துலயும் கருப்பும் வெள்ளையும் இருந்தே தீரணும்னு இது நெனைக்கும். இல்லேன்னா இழுத்துக் கொண்டாந்துரும், கூடவே நிறத்தையும் ஏத்திரும்" என்று சொல்லிப் பழையபடி மாற்றினாள். மங்கிப்போன பழைய படங்களுக்கு அவளும் ஆட்டோ போடுவாள், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து போடுவாள். என் மண்டையில் தங்கியதோ, அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான்.

அந்த வருடம் மழை சமயத்தில் மேகமலையிலிருந்து ஒரு சரக்கு வந்தது. சரியாகக் காயாமல், நிறம் வெளுத்த காய். என் மனைவி தங்கையின் வளைகாப்புக்குத் தேவதானப்பட்டி போயிருந்தாள். அண்ணாச்சியோ, தீபாவளிக்குப் பாக்கெட் போட வேண்டும், படம் அனுப்புங்கள் என்று அவசரப்படுத்தினார். கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில், சாக்கின் மேல் காயைக் கொட்டி எடுத்தேன். தாளெல்லாம் விரிக்கவில்லை. நான் விற்பது காயா, தாளா?

ஆட்டோவை அமுக்கினேன். வெளுத்த காய் கிளிப்பச்சையானது. அனுப்பிய கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி கூப்பிட்டார். "மொத்தமும் எனக்கே, தம்பி. நாளைக்கே ஏத்தி விடுங்க." அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மறுநாள் காலை அவள் ஊரிலிருந்து திரும்பினாள். பெருமையோடு படத்தைக் காட்டினேன். அவள் காயைப் பார்க்கவில்லை, மூலைக் கட்டத்தைப் பார்த்தாள்.

"ஆட்டோ அமுக்குனீகளா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"இங்கன பாருங்க." கட்டத்தில் இருந்த குன்று சீப்பு மாதிரி பல் பல்லாக, இடைவெளி விட்டு நின்றது. "இருக்கறதை இழுத்து விரிச்சா நடுவுல ஓட்டை விழத்தானே செய்யும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரில் எவன் செய்யவில்லை, படம் என்றால் கொஞ்சம் பளிச்சென்று இருக்கத்தான் செய்யும், வியாபாரம் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். அவள் மூட்டையிலிருந்து ஒரு காயை எடுத்துவந்து, திரையில் இருந்த காயின் பக்கத்தில் பிடித்தாள். கையில் இருந்தது காய்ந்த வைக்கோல் நிறம்.

"அண்ணாச்சியும் இப்படித்தானே வச்சுப் பார்ப்பாக?" என்றாள்.

லாரி சாயங்காலம் வரவேண்டும். சென்னையில் அந்த மூட்டையைப் பிரித்தால் இத்தனை வருட நம்பிக்கையும் அன்றோடு போய்விடும். அண்ணாச்சிக்குப் போன் போட்டு, அனுப்பிய படத்தில் நிறம் கூடிவிட்டது, காய் அப்படி இல்லை என்று சொன்னேன். அவர், "வேற படம் அனுப்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அவள் வாசலில் தாளை விரித்தாள். அந்தப் படம் போன பின் பதில் வந்தது. "பாக்கெட்டுக்கு ஆகாது, தம்பி. மசாலாப் பொடிக்கு வேணும்னா பாதியை எடுத்துக்கிறேன்." அண்ணாச்சியின் தீபாவளி ஆர்டர் வேறு கடைக்குப் போயிற்று. அவள் ஒருமுறைகூட, நான்தான் சொன்னேனே என்று சொல்லிக் காட்டவில்லை. அவள் இடத்தில் நானாக இருந்தால் வருடம் முழுக்கச் சொல்லியிருப்பேன்.

அதன்பின் அண்ணாச்சி கூப்பிடவே இல்லை. வாடிக்கை கைவிட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன். மழை விட்டபின் நல்ல சரக்கு ஒன்று வந்தது. நிஜமாகவே பச்சை. அவள் படம் எடுத்தாள், நான் பயந்துகொண்டே அனுப்பினேன். போன் வந்தது.

"தம்பி, இந்தப் படம் எடுத்தது யாரு?"

சுருக்கென்றது. "வீட்ல எடுத்தாக, அண்ணாச்சி" என்றேன்.

"தாளு தெரியுது. அப்ப ஏத்தி விடுங்க. எல்லாத்தையும்."

காயின் அளவு கேட்கவில்லை, வேறு எதுவும் கேட்கவில்லை. அப்பா காலத்துக் கடை, முப்பது வருடம் அதில் உட்கார்ந்தவன் நான். நான் போக்கடித்த நம்பிக்கையை அவள் ஒரு வெள்ளைத் தாளை விரித்து மீட்டுக் கொடுத்துவிட்டாள். கொஞ்சம் பொறாமையாக இருந்தது, அதைவிடப் பெருமையாக இருந்தது. தாளில் ஒட்டியிருந்த தூசியை அவள் தட்டிக்கொண்டிருந்தாள். கிட்டே போய், "நீ இல்லேன்னா இந்தக் கடை இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

அவள் தாளைக் கீழே வைத்துவிட்டு, காய்ச்சல் அடிக்கிறதா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.