நான் இடிக்கச் சொன்ன சுவர்

போன வாரம் எங்கள் ஊர் தியேட்டரில் கொத்தனார் வேலை நடந்தது. புதிதாக எதுவும் கட்டவில்லை. மூன்று மாதத்துக்கு முன்பு நான் இடிக்கச் சொன்ன சுவரைத் திரும்பக் கட்டினார்கள்.

எந்தச் சுவர் என்கிறீர்களா? ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரித்த சுவர்தான்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி பஸ்ஸில் போகிறவர்கள் எங்கள் தியேட்டரைப் பார்த்திருக்கலாம். முதலில் அது பருத்திக் கிட்டங்கி. இரண்டு வருஷம் மழை ஏமாற்றியதில் அடுக்கி வைக்க மூடை இல்லை. சும்மா கிடப்பானேன் என்று முதலாளி அண்ணாச்சி ஒரு மெஷினை வாங்கிப் படம் ஓட்ட ஆரம்பித்தார். பஞ்சம் வந்தால் தியேட்டர் வரும் என்று நான் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் படித்ததில்லை!

இந்த வருஷம் தகரக் கூரை பொத்தலாகிவிட்டது. பகல் காட்சியில் கதாநாயகியின் முகமெல்லாம் வெயில் பொட்டு. புதுப்பித்தே ஆகவேண்டும் என்ற நிலையில் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான், மதுரையில் பி.ஏ. படித்தவன்; மதுரைத் தியேட்டர்களை உள்ளே போய்ப் பார்த்தவன். கடைசித் தகுதிக்குத்தான் அவரிடம் மரியாதை.

"மதுரையில இருக்காப்புலயே செஞ்சுபுடுவோம் தம்பி. என்ன செய்யணும், சொல்லுங்க."

பெஞ்சு சொன்னேன். ஃபேன் சொன்னேன். அதோடு வாயை மூடியிருக்கலாம்...

"இந்தச் சுவரு எதுக்கு அண்ணாச்சி? புருசன் பொண்டாட்டி சேந்து உக்காந்து படம் பாக்கக் கூடாதா?"

சுவர் போயிற்று. திறப்பு விழாவில் சமத்துவத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். பலத்த கைதட்டல். தட்டியது ஆண்கள் மட்டும்தான் என்பதை அப்போது கவனிக்கவில்லை. அப்பாவையும் அம்மாவையும் நானே கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

மறுநாள் முதல் பெண்கள் வரவில்லை. பெண்கள் வராத தியேட்டருக்கு ஆண்கள் எத்தனை நாள் வருவார்கள்? அண்ணாச்சி வண்டியில் மைக் கட்டி, "தாய்மார்களே..." என்று பரளச்சி வரைக்கும் கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு தாய்மாரும் அசையவில்லை.

"இந்த மாசம் பாப்பேன் தம்பி. இல்லேன்னா பழையபடி பருத்தி மூடையை அடுக்கிர வேண்டியதுதேன்" என்றார். என்னைக் குறை சொல்லவில்லை. சுவர் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன்.

"ஏம்மா, அன்னைக்குப் படம் நல்லா இல்லையா?"

"நான் எங்கய்யா படம் பாத்தேன்?"

"அப்பா பக்கத்துலதான உக்காந்திருந்த?"

"அதான சொல்றேன். 'வெத்தலைய மடி'ன்னாக. மடிச்சேன். 'தண்ணி கொண்டாந்தியா'ன்னாக. குடுத்தேன். 'இவன் நல்லவனா கெட்டவனா'ன்னு ஒவ்வொருத்தனுக்கும் கேட்டாக. சொல்லி முடிக்கங்குள்ள அவன் செத்துப்போனான்!"

"தள்ளி உக்கார வேண்டியதுதான?"

"தள்ளி உக்காந்தா கூப்பிட மாட்டாகளாக்கும்? பாக்குறதுக்குத் தோதா சுவரையும்ல இடிச்சுப்புட்டீக! வீட்டுல செய்யிற வேலைய டிக்கெட்டு வாங்கிக்கிட்டு அங்க வேற போயிச் செய்யணுமா? காடு, வீடு, பிள்ளைன்னு கிடக்கோம். அந்தச் சுவருக்கு அங்கிட்டு இருக்கப்பத்தான்யா எங்களை ஒருத்தரும் கூப்பிட மாட்டாக."

எங்கள் அம்மாவைச் சிறைவைத்த சுவர் என்றல்லவா மேடையில் பேசினேன்! பி.ஏ. பாடத்தில் சுவரை இடிப்பது வரைக்கும்தான் இருந்தது.

அன்றே அண்ணாச்சியிடம் ஓடினேன். மறுநாள் செங்கல் வந்தது. வேலை நடக்கும்போது அம்மா நாலைந்து பெண்களோடு வந்து நின்றாள்.

"பழைய உசரம் போதும்ல ஆத்தா?" என்றார் கொத்தனார்.

"இன்னும் ரெண்டு வரிசை வையி. இவுக அப்பா எட்டிப் பாப்பாக."

சனிக்கிழமை மாலைக் காட்சிக்குப் பெண்கள் பக்கம் நிரம்பி வழிந்தது. அண்ணாச்சி என்னைப் பேசக் கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் சிரிப்புச் சத்தம். இந்தப் பக்கம் அப்பா என் தொடையைத் தட்டினார்.

"ஏலே, வெத்தலைய மடி. இவன் நல்லவனா, கெட்டவனா?"

படம் நன்றாக இருந்தது என்று அம்மா சொன்னாள்.